மட்டக்களப்பில் கலியாணம் வைக்கப் புறப்படுவோருக்கு: நாள் குறிப்பதிலிருந்து கடைசி வான் புறப்படும் வரை

அக்காவின் மகள் லண்டனிலிருந்து தொலைபேசியில் சொன்னது இரண்டே வசனம். "மாமா, கலியாணம் பாசிக்குடாவில். தாலி கட்டும்போது எங்களுக்குப் பின்னால் கடல் தெரிய வேண்டும்." நான் சரி என்றேன். பதினொரு மாதம் கழித்து, விடியற்காலை ஐந்தரை மணிக்கு, மணமக்களை எந்தப் பக்கம் பார்த்து இருத்துவது என்று குருக்களும் புகைப்படக்காரரும் மணலில் நின்று வாதாடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வசனத்துக்குள் இருந்த சிக்கல் எனக்கு விளங்கியது.

எங்களுடையது இலங்கையின் கிழக்குக் கரை. மணமக்களும் கிழக்கு நோக்கித்தான் அமர வேண்டும். அமர்ந்தால் கடல் அவர்களுக்கு முன்னால். முதுகுக்குப் பின்னால் ஹோட்டலின் நீச்சல் குளமும் குளிரூட்டிப் பெட்டிகளும். கடல் பின்னால் தெரியத்தான் வேண்டும் என்றால் மேற்கு நோக்கி இருத்த வேண்டும்; எங்கள் குருக்கள் அதற்குத் தலையசைக்கவே இல்லை. கடைசியில் கடலை ரசித்தது மணமக்களும் குருக்களும் மட்டும்தான். படத்தில் விழுந்தது குளிரூட்டிப் பெட்டிகள்.

அடுத்த ஆண்டு அவளுடைய தம்பியின் கலியாணத்தை வேறு விதமாக ஒழுங்கு செய்தோம். இரண்டிலும் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தாலி ஊரில், கொண்டாட்டம் கடற்கரையில். காரணம் போகப் போகத் தெரியும்.

முதலில் ஆட்களை எண்ணுங்கள்

ஹோட்டலைத் தேடுவதற்கு முன் இரண்டு பட்டியல் எழுதுங்கள். ஒன்று விமானத்தில் வருவோர். மற்றது ஊரில் இருப்போர். வெளிநாட்டுப் பிள்ளைகள் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு "அறுபது பேர்தான், சின்னக் கலியாணம்" என்பார்கள். இரண்டாவது பட்டியல் எழுதும்போதுதான் தாயின் முகம் மாறும். மட்டக்களப்பில் மணப்பெண் வீட்டில்தான் கலியாணம். மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். குடி என்ற குலப் பிரிவின் வழி உறவும் தாய்வழி உறவும் இன்னும் நினைவில் வைத்திருக்கும் ஊர் இது. ஒரு குடியில் நாலு வீட்டுக்குச் சொல்லி ஐந்தாவது வீட்டை விட்டால், அந்த வீட்டார் அடுத்த மரணவீட்டில் உங்களோடு பேச மாட்டார்கள். எங்கள் அறுபது, இருநூற்றிப் பத்தானது.

இருநூறு பேரையும் கடற்கரை ஹோட்டலில் வைத்துச் சாப்பாடு போடுவதா, அல்லது ஊருக்கு ஒரு பந்தி, வெளியூராருக்கு ஒரு விருந்து என்று பிரிப்பதா? இந்தக் கேள்விக்கு விடை கண்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

நாள்: நான்கு நாட்காட்டிகளை அருகருகே வையுங்கள்

ஓராண்டுக்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

முதல் நாட்காட்டி பஞ்சாங்கம். பஞ்சாங்கம் கணிக்கும் இரு முறைகளில் வாக்கியமா திருக்கணிதமா என்பதை இரு வீட்டாரும் முதல் நாளே பேசித் தீர்த்துவிடுங்கள். ஒருவர் ஒன்றையும் மற்றவர் மற்றொன்றையும் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் இழுபட்ட வீடுகளை நான் அறிவேன். ஆடி, புரட்டாதி, மார்கழி, பங்குனி மாதங்களைப் பெரும்பாலானோர் தவிர்ப்பார்கள்.

இரண்டாவது மழை. வாடைக் காற்றோடு வரும் பருவமழை ஐப்பசிக் கடைசியில் தொடங்கி தை வரை எங்களை நனைக்கும். கார்த்திகையில் முகூர்த்தம் நிறைய உண்டு, வெள்ளமும் உண்டு. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் அந்த மாதத்தில் வெளியரங்கக் கலியாணம் என்றாலே எழும்பிப் போய்விடுவார்கள். டிசம்பர் விடுமுறை வசதியாகத் தோன்றும். ஆனால் 26ஆம் திகதியை அண்டி எதையும் வைக்காதீர்கள். 2004 சுனாமியில் கல்லடியிலும் நாவலடியிலும் கடல் எடுத்துப் போனவர்களின் நினைவு நாள் அது.

மூன்றாவது வெளிநாட்டுப் பள்ளி விடுமுறை. சிக்கலின் நடுப்புள்ளி இங்கேதான். இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்கும். அப்போது ஆடி பிறந்துவிடும். ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 17 அளவில். செப்டெம்பர் முதல் வாரத்தில் பள்ளி திறந்துவிடும். ஆக லண்டன்காரருக்குக் கிடைப்பது இரண்டு கிழமை. ரொறன்ரோக்காரருக்குப் பள்ளி ஜூன் கடைசியில் முடிவதால் ஆனி மாதத்தின் பின்பாதியும் கிடைக்கும். இரண்டு நாட்டிலிருந்தும் ஆட்கள் வருவதாயின் எல்லோரும் வந்து முட்டி நிற்பது ஆவணியின் அதே இரண்டு கிழமையில்தான். பாசிக்குடாவில் அறை விலை அப்போது ஏன் ஏறுகிறது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

நான்காவது ஊர்க்கோயில். கொடியேறிவிட்டால் பல ஊர்களில் கலியாணம் வைக்க மாட்டார்கள். வைகாசியில் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரமெங்கும் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கும் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியும் நடக்கும். அந்த நாட்களில் ஊரில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்கவே மாட்டார்கள். ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தத்தன்று அமிர்தகழிப் பக்கம் வாகனம் அசையாது. உங்கள் ஊர்க் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கூடவே பூரணை விடுமுறையான போயா தினத்தையும் பாருங்கள். அன்று நாடு முழுவதும் மது விற்பனை கிடையாது, இறைச்சிக் கடையும் பூட்டு. மருமகளின், அதாவது அக்கா மகளின், வரவேற்புக்கு முதலில் குறித்த நாள் பூரணையாக இருந்தது. மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு அதை எப்படிச் சொல்வதென்று அவள் தவித்தாள்.

எனக்குப் பிடித்த காலம் ஆனியும் ஆவணியும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அதுதான் கச்சான் காற்றின் காலம். பத்து மணிக்குப் பிறகு தரையிலிருந்து வரும் அந்தச் சுடுகாற்று மேக்கப்பையும் பூமாலையையும் ஒன்றாக வாட்டிவிடும். முகூர்த்தம் எட்டு மணிக்கு முன் முடிந்தால் நல்லது.

இடம்

பாசிக்குடா, மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர். வளைந்த குடா, நெடுந்தூரம் முழங்கால் மட்டத் தண்ணீர், வரிசையாகப் பெரிய ஹோட்டல்கள். இருநூறு பேரை ஒரே இடத்தில் தங்கவைத்து விருந்தும் கொடுக்கக்கூடிய இடம் எங்கள் பக்கத்தில் இதுதான். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கடல் குளம்போலக் கிடக்கும்.

அறுகம்பை வேறு உலகம். மட்டக்களப்பிலிருந்து கரையோரப் பாதையில் நூறு கிலோமீற்றருக்கு மேல் தெற்கே, பொத்துவிலை ஒட்டியது. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்குவோரால் நிரம்பியிருக்கும். சின்னச் சின்ன விடுதிகள், மரக் குடில்கள். நாற்பது பேருக்குள், நண்பர்களும் நெருங்கிய உறவும் மட்டுமென்றால் அங்கே அழகான கலியாணம் வைக்கலாம். அதற்கு மேல் என்றால் ஆட்களை ஏழெட்டு விடுதிகளில் சிதறடித்துவிட்டு நாள் முழுக்க ஓட்டோவில் தேடித் திரிவீர்கள்.

கல்லடிப் பக்கமும் நகரமும் பலர் யோசிக்காத இடங்கள். சூரியன் கடலில் மறைகிற படம் கிழக்குக் கரையில் கிடைக்காது; வாவியில் கிடைக்கும். கல்லடியில் நின்றால் மேற்கே வாவி, அதில் பழைய இரும்புப் பாலம். மாலை ஐந்தேமுக்காலுக்கு அங்கே எடுத்த ஒரு படம்தான் மருமகளின் வீட்டுச் சுவரில் இப்போது தொங்குகிறது, பாசிக்குடாவில் எடுத்த நானூறும் கணினிக்குள் கிடக்கின்றன.

தாலிக்கு என் பரிந்துரை பெண்வீட்டு முற்றம் அல்லது ஊர்க்கோயில் மண்டபம். கடற்கரையில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஓமகுண்டத்துக்கு மூன்று பக்கமும் தகரம் அடித்தும், காற்று நாலாவது பக்கத்தால் நுழைந்து நெருப்புப் பொறியைக் கூறைப்புடவையின் கரைக்குக் கொண்டுபோனது. குத்துவிளக்கு ஆறு தடவை அணைந்தது. ஏழாவது தடவை பெரியம்மா தன் சேலைத் தலைப்பை விரித்துக்கொண்டு விளக்குக்கு முன்னால் நின்றார், தாலி கட்டும் வரை அசையவில்லை. வாசலில் நட்ட வாழைமரங்கள் மணலில் நிற்காமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. அவசரத்துக்குப் பெயின்ட் வாளிகளில் ஈரமணல் நிரப்பி அதில் நட்டு, வாளியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டினோம். சக்கர நாற்காலி மணலில் உருளாது என்பது எண்பத்துநான்கு வயது அம்மம்மாவைக் கொண்டுவந்த பிறகுதான் எங்களுக்கு நினைவு வந்தது. பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி நாலு பொடியன்கள் தூக்கி வந்தார்கள். அவர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். பல்லக்கு என்று சொல்லிச் சிரித்தார்.

பதிவு: பாசம் உதவாது, கடதாசிதான் உதவும்

கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் பதிவுச் சான்றிதழ் தேவை. ஏற்கனவே லண்டனிலோ சூரிச்சிலோ பதிவு செய்துவிட்டீர்கள் என்றால் இங்கே மறுபடி கையெழுத்துப் போட வேண்டாம். ஏற்கனவே மணமானவர் மணமாகாதவர் என்று அறிவித்தல் கொடுக்க முடியாது. ஊரில் சடங்கு மட்டும் செய்யுங்கள்.

இங்கேதான் பதிவு என்றால், பொதுச் சட்டம் 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் சட்டம் தனியாக உண்டு. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று உறவினர்களுக்கு வழிமுறை வேறு. பொதுச் சட்டத்தில் முதலில் பதிவாளரிடம் விவாக அறிவித்தல் கொடுக்க வேண்டும். இருவரும் வெளிநாட்டிலிருந்து வருவதாயின், அறிவித்தலுக்கு முன் ஒருவராவது குறிப்பிட்ட சில நாட்கள் இலங்கையில் தங்கியிருக்க வேண்டும். அறிவித்தல் பதிந்து 12 நாட்கள் கழிந்த பிறகே சாதாரணமாகச் சான்று கிடைக்கும். அவ்வளவு விடுப்பு இல்லாதோர் விசேட அனுமதிப்பத்திரம் எடுப்பார்கள். பதிவாளரைக் கந்தோருக்கு வெளியே, ஹோட்டலுக்கோ வீட்டுக்கோ அழைப்பதற்கும் அது தேவை.

பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, மணமாகாதவர் என்பதற்கான சான்று, முன்பு மணமுறிவு நடந்திருந்தால் அதன் தீர்ப்பு, இரண்டு சாட்சிகள். வேறு மொழியில் உள்ள பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் பிரதி. மாப்பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டுக் குடியுரிமை உடையவர் என்றால் ஆறு மாதத்துக்கு முன்பே பிரதேச செயலகத்தில் ஒருவரை நேரில் அனுப்பிக் கேளுங்கள். இந்த விதிகள் இடையிடையே மாறுபவை, மச்சானின் கலியாணத்தில் நடந்தது உங்களுக்கு உதவாது. பெயரின் எழுத்துக்கூட்டல் எல்லாப் பத்திரத்திலும் ஒன்றா என்று பாருங்கள். மருமகனின் தகப்பன் பெயர் ஒன்றில் ஒற்றெழுத்தோடும் மற்றதில் இல்லாமலும் இருந்ததால் ஒரு சத்தியக்கடதாசிக்காக முழுப் பகல் போனது.

ஹோட்டலோடு பேசும்போது

வாயால் சொன்னதெல்லாம் மின்னஞ்சலில் வர வேண்டும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு மண்டபம். "எல்லாம் செய்யலாம் சேர்" என்றார்கள். கலியாணத்துக்கு மூன்று நாள் முன்பு, உள்ளே நெருப்பு வளர்த்தால் கூரையிலுள்ள தீ எச்சரிப்பு மணி அடித்துத் தண்ணீர் கொட்டும், எனவே ஓமம் கூடாது என்றார்கள். மழைக்கு மாற்று ஏற்பாடாக நாங்கள் நம்பியிருந்த மண்டபம் அது.

ஆகவே எழுத்தில் கேளுங்கள்: உள்ளே ஓமம் வளர்க்கலாமா? தேங்காய் உடைக்க இடம் எது? நாதஸ்வரமும் தவிலும் காலை ஐந்து மணிக்கு வாசிக்கலாமா, மற்ற விருந்தினர் முறைப்பாடு செய்தால் யார் பொறுப்பு? வெளியிலிருந்து சமையற்காரரையும் சோடனைக்காரரையும் கொண்டுவரலாமா, அதற்குக் கட்டணமா? மின்சாரம் நின்றால் மின்பிறப்பாக்கி எத்தனை நிமிடத்தில் எழும்பும், குளிரூட்டிக்கும் சேர்த்தா? மழை வந்தால் எந்த மண்டபம், அதை அன்று வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறார்களா? நாள் மாற்றினால் முற்பணம் என்னவாகும்?

விலையைப் பொறுத்தவரை ஒரு விடயம். தட்டுக்கு இவ்வளவு என்று சொல்லும் தொகைக்கு மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதமும் பெறுமதி சேர் வரி 18 சதவீதமும் ஏறும். நாலில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடும். "எல்லாம் உட்பட எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியை மூன்று ஹோட்டலிலும் கேளுங்கள், மலிவென்று நினைத்தது மலிவாக இருக்காது.

இரவு பத்து மணிக்குப் பிறகு ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு உண்டு. விருந்தை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். அழைப்பிதழில் ஐந்தரை என்று போட்டால்தான் எங்கள் ஆட்கள் ஆறேகாலுக்கு வருவார்கள். ட்ரோன் பறக்கவிட நினைக்கும் புகைப்படக்காரர், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவு செய்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குருக்கள், மேளம், பொன்னுருக்கு

ஆவணியின் அந்த இரண்டு கிழமையில் ஒரு குருக்கள் ஒரே நாளில் மூன்று கலியாணத்துக்கு ஓடுவார். ஹோட்டலுக்கு முன் குருக்களைப் பிடியுங்கள் என்பேன். மேளக்காரரும் அப்படியே. குருக்கள் தரும் சாமான் பட்டியலை வாங்கி, ஊரில் உள்ள ஒரு பெண்மணியிடம் ஒப்படையுங்கள். ஆண்களிடம் கொடுத்தால் அறுகம்புல்லும் முளைப்பாலிகையும் மறந்துபோகும். எங்கள் வீட்டில் மறந்தது நான்தான்.

பொன்னுருக்கு, தாலிக்குப் பொன்னை உருக்குவது, மாப்பிள்ளை வீட்டில் நடக்க வேண்டிய சடங்கு. மாப்பிள்ளை வீடு ரொறன்ரோவில் இருந்தால்? அவருடைய பெரியப்பாவின் வீட்டிலோ அத்தை வீட்டிலோ, வந்திறங்கி இரண்டு மூன்று நாளில் நல்ல நேரம் பார்த்துச் செய்யலாம். பொற்கொல்லருக்குத் தாலி செய்து முடிக்க நாள் வேண்டும்; வந்த அன்றே கலியாணம் என்று வராதீர்கள். தாலியும் கூறையும் கைப்பையில் வரட்டும், பெட்டியில் போட வேண்டாம்.

வந்தவர்களைக் கொண்டுவந்து சேர்த்தல்

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து மட்டக்களப்புக்கு வானில் ஆறு ஏழு மணித்தியாலம். இரவு விமானத்தில் இறங்கியவர்களை உடனே ஏற்றி அனுப்பாதீர்கள். ஹபரணைக்கும் பொலன்னறுவைக்கும் இடையில் யானை பாதையைக் கடக்கும், சாரதிக்கும் நித்திரை. ஒரு இரவு நீர்கொழும்பில் தங்கவைத்து விடியப் புறப்படச் சொல்லுங்கள். இளையவர்களுக்குக் கொழும்புக் கோட்டையிலிருந்து ரயில் நல்ல அனுபவம். பாசிக்குடாவுக்குப் போகிறவர்கள் மட்டக்களப்பு வரை வராமல் வாழைச்சேனையிலோ கல்குடாவிலோ இறங்கலாம். இதை அழைப்போடு சேர்த்து அனுப்பாததால் ஒரு நண்பர் குழு நகரத்தில் இறங்கி, பெட்டிகளோடு 35 கிலோமீற்றர் திரும்பிப் போனது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள், இங்கே பிறந்தவர்களாக இருந்தாலும், பயண அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும். "நான் மட்டக்களப்பான்" என்பது குடிவரவு மேசையில் செல்லாது.

பந்தி

கலியாண நாள் மரக்கறிதான். அதில் பேச்சில்லை. வாழையிலை, பருப்பு, பாயசம், கடைசியில் சட்டியில் எருமைத் தயிர். தயிரை ஹோட்டலிடம் விடாதீர்கள். சின்னக் கிண்ணத்தில் கரண்டியால் அளந்து வைப்பார்கள். எங்கள் தயிர், சட்டியைக் கவிழ்த்தால் விழக்கூடாது. இரண்டாம் நாள் பாசிக்குடா விருந்தில் வாவி இறாலும் நண்டும் வைக்கலாம்.

வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்ப, வெளிநாட்டிலிருந்து பெயர் பொறித்த மெழுகுவர்த்தி கொண்டுவருவதை நான் கண்டிருக்கிறேன். பயணத்திலேயே அரைவாசி உருகிப்போயிருந்தது. மருதமுனைக் கைத்தறிச் சாரமும் துவாயும் பக்கத்திலேயே நெய்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன் சொன்னால் நீங்கள் கேட்ட நிறத்தில் கிடைக்கும்.

அந்த இரண்டு நாள்

தம்பியின் கலியாணத்தில் தாலி, பெண்ணின் ஊரில், அவர்கள் வீட்டு முற்றத்தில், ஆறரை மணிக்கு. கிழக்கே வேலி, வேலிக்கு அப்பால் தென்னை. கடல் இல்லை. தாலி ஏறியபோது பெண்கள் எல்லோரும் ஒரே மூச்சில் குரவையிட்டார்கள். முந்திய ஆண்டு ஹோட்டலில் அதே குரவைக்கு வரவேற்பு மேசைப் பெண் பயந்து ஓடிவந்து "யாருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டிருந்தாள். ஊர்ப் பந்தி பதினொரு மணிக்கு முடிந்தது. பெரியவர்கள் தங்கள் வீட்டுக்கு நடந்து போய்ப் படுத்தார்கள். மறுநாள் மாலை தொண்ணூறு பேர் மட்டும் மூன்று பஸ்ஸில் பாசிக்குடாவுக்குப் போனோம். அங்கே சடங்கு எதுவும் இல்லாததால் மேசையை எந்தப் பக்கம் பார்த்தும் போடலாம். மணமக்களுக்குப் பின்னால் கடல். படத்தில் நன்றாகவே விழுந்தது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள்: அந்த இரண்டு நாளும் மணமக்களின் தொலைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, சாரதி, குருக்கள், சமையற்காரர், சோடனைக்காரர் எல்லோருக்கும் ஒரே ஓர் ஆளின் இலக்கத்தைக் கொடுங்கள். அந்த ஆள் மாமாவாக இருப்பது வழக்கம். கடைசி வான் கட்டுநாயக்காவுக்குப் புறப்பட்டபோது என் கைபேசியில் நூற்றிப் பதினேழு தவறிய அழைப்புகள். அதில் முப்பது, தயிர்ச் சட்டிகளை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டு.